கடந்து போன கடை



2024இல் மலேசிய தின வாரத்தில், காலை நிகழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். “ஆயிரம் தடவை கடந்து போயிருப்பீர்கள், ஆனால் ஒரு தடவைகூட உள்ளே நுழைந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு கடை உங்கள் ஊரில் உண்டா?”

தொலைபேசி ஓயவே இல்லை. கிள்ளானில் இருந்து அழைத்த ஓர் அண்ணன், பள்ளிக்கூடம் போகும் வழியில் இருந்த கித்தார் கடையைச் சொன்னார். ஈப்போ அக்கா ஒருவர் நகைக்கடையைச் சொல்லிவிட்டு, “கண்ணாடிக்கு வெளியே நின்னே எல்லா டிசைனும் மனப்பாடம் தம்பி” என்றார். சிரம்பானில் இருந்து ஒருவர், “எங்க மாமனார் கடைதான். உள்ள போனா வேலை வாங்கிடுவாரு” என்றதும் ஸ்டூடியோவில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தது. அனுப்பியவர் என் கல்லூரித் தோழி. என்னோடு ஊடகத் துறையில் ஒன்றாகப் படித்தவர். இப்போது கோலாலம்பூரில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார்.

“பிரிஞ்சாங்கில் ஸ்டீம்போட் கடை. எனக்கு இல்லை, அம்மாவுக்கு. 31 வருஷம்.”

அவ்வளவுதான் எழுதியிருந்தார். உடனே அழைத்தேன். அவருடைய அம்மா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா 31 ஆண்டுகளாக பிரிஞ்சாங் கடைத்தெருவுக்கு வந்து அரிசியும் மருந்தும் பள்ளிக்கூடக் காலணியும் வாங்கிப் போனவர் என்பதும், ஆவி படிந்த கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் இருந்த அந்த மேசைகளில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

“அப்ப கூட்டிட்டுப் போவோமே” என்றேன். தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வாங்க, போவோம்” என்றார்.

இப்படித்தான் அக்டோபர் 5, சனிக்கிழமை, நண்பர்கள் நான்கு பேர் ஒரே காரில் கேமரன் மலைக்குக் கிளம்பினோம். நான், தோழி, கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பன், வங்கியில் இருக்கும் இன்னொரு தோழி. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி 59ஆம் எண் சாலையைப் பிடித்தோம். அந்தச் சாலையில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. லாத்தா இஸ்கண்டார் அருவி வருவதற்குள் வங்கித் தோழியின் முகம் வெளுத்துவிட்டது. ஆசாம் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவர், ரிங்லெட் தாண்டித்தான் கண்ணைத் திறந்தார்.

இதற்கு முன்பும் நாங்கள் கேமரன் மலைக்கு வந்திருக்கிறோம். 2011இல், கல்லூரி இறுதியாண்டில், வகுப்பே சேர்ந்து வந்தது. தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்தோம். ஸ்ட்ராபெரி தின்றோம். இரவில் ஸ்டீம்போட் சாப்பிட்டோம். அப்போது ஆளுக்கு 18 வெள்ளி. அந்தப் பயணத்துக்கு இந்தத் தோழி மட்டும் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். ‘சொந்த ஊருக்கே வரமாட்டேன் என்கிறாளே’ என்று நாங்கள் கேலி செய்தது எனக்கு நினைவிருக்கிறது.

தாப்பா சாலையில், 13 ஆண்டுகள் கழித்து, பின்னிருக்கையில் இருந்து அவர் சொன்னார்: “அன்னிக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல. அந்த 18 வெள்ளி அம்மாவோட ஒரு நாள் கூலி. நீங்க எல்லாரும் படம் எடுக்கிற இடத்துல அம்மா கூடையோட நின்னுட்டு இருந்தா நான் என்ன செய்யறதுன்னும் ஒரு பயம்.”

காரில் யாரும் பேசவில்லை. பாட்டுச் சத்தத்தைக் குறைத்தேன். பேசியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு அந்த நேரத்தில் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

மாலையில் சுங்கை பாலாஸ் பக்கம் போனோம். பச்சைக் கம்பளம் விரித்தது போல என்று நாமெல்லாம் வழக்கமாகச் சொல்லும் அந்தச் சரிவுகளைத் தோழி வேறு மாதிரி பார்த்தார். எந்தச் சரிவில் மழைக்காலத்தில் கால் வழுக்கும், எந்த வரிசையில் அட்டைக்கடி அதிகம், காலைப் பனியில் நனையாமல் இருக்க இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு. அதை மட்டும் கிள்ள வேண்டும். முற்றிய இலை கலந்தால் நிறுவையில் கழித்துவிடுவார்கள். அம்மாவின் விரல் நுனிகளில் ஏறிய கறை தீபாவளிக்குக்கூடப் போனதில்லை என்றார்.

கேமரன் மலை பற்றி நமக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லித் தந்தது ஒன்று உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பகுதியைக் குறித்து வைத்தார், அவர் பெயரே மலைக்கு வந்தது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டி, செடியை நட்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்தவர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. அவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். தென்னிந்தியாவில் இருந்து நேராக வந்தவர்களும் உண்டு, ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிவிட்டு மலையேறியவர்களும் உண்டு. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பிறகு லயங்களை நிறைத்தார்கள். மலையில் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

இன்று சரிவுகளில் பார்த்தால் இருவர் பிடித்துக்கொண்டு போகும் வெட்டு இயந்திரமும், பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும்தான் கண்ணில் படுகிறார்கள். நம் பிள்ளைகள் படித்துவிட்டு மலை இறங்கிவிட்டார்கள். என் தோழியைப் போல.

அம்மா இப்போது தானா ராத்தாவில் மகன் வீட்டில் இருக்கிறார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டையும் காலி செய்துவிட வேண்டும். அது தோட்டப்புறத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாங்கள் போய் நின்றபோது, கம்பளிச் சட்டைக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்து, தயாராக வாசலில் இருந்தார். எங்கே போகிறோம் என்று தோழி அவரிடம் சொல்லவே இல்லை. “வெளியில சாப்பிடப் போறோம்மா” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

தானா ராத்தாவில் இருந்து பிரிஞ்சாங் பத்து நிமிடப் பயணம். சனிக்கிழமை இரவு என்பதால் அரைமணி நேரம் ஊர்ந்து போனோம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், லேசான தூறல் வேறு. இந்தக் குளிரில் மனிதனுக்குத் தோன்றும் முதல் ஆசை சூடான சூப்தான். கேமரன் மலையில் ஸ்டீம்போட் இவ்வளவு பேர் வாங்கியதற்கு அதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் காய்கறி. தேயிலை ஒரு பக்கம் வளர்ந்தபோது, இன்னொரு பக்கம் சீன விவசாயிகள் முட்டைக்கோசும் கீரையும் பயிரிட்டார்கள். காலையில் பறித்த கீரை இரவில் மேசைக்கு வந்துவிடும்.

நடுவில் கரிப்புகைக்குக் குழாய் வைத்த பழைய காலத்துச் சட்டி, பார்ப்பதற்கு நீராவிக் கப்பல் போல இருக்கும். அதனால்தான் நம் ஊரில் ஸ்டீம்போட் என்ற பெயர் வந்தது என்பார்கள். சீனாவில் இதற்கு ‘நெருப்புச் சட்டி’ என்று பொருள்படும் பெயர். ஜப்பானில், தாய்லாந்தில் எல்லாம் இதன் உறவுக்காரர்கள் உண்டு. எங்கே போனாலும் அடிப்படை ஒன்றுதான். நடுவில் கொதிக்கும் ஒரு சட்டி, சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதிலேயே போட்டு அதிலேயே எடுப்பார்கள்.

அன்று எங்களைக் காலை வாரிவிட்டதும் அந்த ‘எல்லோரும் அதிலேயே’ என்பதுதான்.

கடை வாசலில் கார் நின்றதும் அம்மா பெயர்ப்பலகையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். “நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்கம்மா. நான் காருல இருக்கேன்.”

“உனக்காகத்தான்மா வந்தோம்” என்றார் தோழி.

அம்மா தயங்குவதற்கான காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மாட்டிறைச்சிதானே? நான் முந்திக்கொண்டு உள்ளே போனேன். கல்லாவில் இருந்த தவுக்கே அம்மாவிடம் மலாயில் கேட்டேன். “சூப்ல லெம்பு இருக்கா?” லெம்பு இல்லை, கோழி எலும்பு சூப்தான், பன்றி இறைச்சி தனித் தட்டில், கேட்டால்தான் வரும் என்றார். வெற்றி வீரனைப் போல வெளியே வந்து, “லெம்பு இல்லம்மா, வாங்க” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “தம்பி, இன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமைப்பா.”

நான்கு பட்டதாரிகள். வானிலை பார்த்தோம், போக்குவரத்து பார்த்தோம், ஹோட்டல் விலையை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒருவர்கூட நாள்காட்டியைப் பார்க்கவில்லை. மூன்றாம் புரட்டாசி சனி, நவராத்திரியில் மூன்றாம் நாள். பாவம், அந்த அம்மா காலையில் இருந்து விரதம். தோழியின் கண் கலங்கிவிட்டது. 31 வருடக் கடனை அடைக்க வந்து, அதற்குத் தகாத நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கணக்காய்வு நண்பன் யோசனை சொன்னான். “சாயோர் மட்டும் போடச் சொல்லுவோம்.” நம்மில் பலர் சீனர் கடையில் செய்வது இதுதான். ‘சாயோர் சாஜா’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவோம். தட்டில் வருவது காய்கறிதான், ஆனால் அது வெந்தது கோழிச் சாற்றில், இல்லையென்றால் காய்ந்த இறாலோடு வதங்கியிருக்கும். ஸ்டீம்போட்டில் இன்னும் சிக்கல். சட்டியை இரண்டாகப் பிரித்த தடுப்புச் சட்டி கேட்டு வாங்கலாம், ஆனால் ஒரு பக்கம் கொதித்தால் மறுபக்கம் தெறிக்கும், கரண்டியும் மாறிவிடும்.

நாங்கள் வாசலில் நின்று மாநாடு நடத்துவதைப் பார்த்து தவுக்கே அம்மா வெளியே வந்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் மலாயில் விளக்க ஆரம்பித்தேன். விரதம், சனிக்கிழமை, இந்து மாதம் என்று சுற்றிச் சுற்றி ஏதோ சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

அப்போது அம்மா குறுக்கே வந்து இரண்டே சொல் சொன்னார். “செக் சாய்.”

தவுக்கே அம்மாவின் முகம் மலர்ந்தது. காண்டனீசில் கடகடவென்று ஏதோ கேட்டார். அம்மாவும் பதில் சொன்னார். நாங்கள் நால்வரும் வாயைப் பிளந்து நின்றோம். பிறகுதான் தோழி விளக்கினார். தோட்டத்தில் மதியம் நிறுவை முடிந்ததும், அம்மா சீனர் காய்கறித் தோட்டம் ஒன்றில் கீரை கழுவிக் கட்டுப் போடும் வேலைக்குப் போவாராம். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு. அங்கே கற்றுக்கொண்ட மொழி. ‘செக் சாய்’ என்றால் விரதச் சைவம். நாம் சொல்கிற ‘காய்கறி மட்டும்’ வேறு, இது வேறு. இந்தச் சொல்லைச் சொன்னால் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடப் போட மாட்டார்கள். வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

தவுக்கே அம்மா கடைக்குள் கையைக் காட்டினார். சாமி மேடைக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி ஒன்று கட்டியிருந்தது. அவரும் விரதமாம்! ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கான திருவிழா அந்த வாரம்தான் நடந்துகொண்டிருந்தது. சீனர் நாள்காட்டியில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள், பக்தர்கள் சைவம். அம்பாங்கிலும் பினாங்கிலும் பெரிய அளவில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் நவராத்திரியும் புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் ஒன்பது நாள். பல ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகவே வரும். 2024இல் இரண்டுமே அக்டோபர் 3ஆம் தேதி தொடங்கின. அவருக்கும் அன்று மூன்றாம் நாள், அம்மாவுக்கும் மூன்றாம் நாள்.

வருடா வருடம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மூவின ஒற்றுமை பற்றி நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். பொங்கலுக்கு வாழ்த்து, சீனப் பெருநாளுக்கு வாழ்த்து, நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்து. இந்த இரண்டு ஒன்பது நாளும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன என்பதை ஒரு நாளும் நான் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

தவுக்கே அம்மா உள்ளே போய் ஒரு சின்னச் சட்டி கொண்டு வந்தார். விரத நாளில் தனக்கென்று தனியாக வைத்திருக்கும் சட்டி அது. இறைச்சி படாதது. கரண்டியும் தனி. சோளம், முள்ளங்கி, காளான் போட்டுக் கொதிக்க வைத்த சாறு. “கூட மாலாம் இதான் நான் சாப்பிடறது, உங்களுக்கும் ஊத்தறேன்” என்று மலாயும் காண்டனீசும் கலந்து சொன்னதாக அம்மா எங்களுக்கு மொழிபெயர்த்தார். அவர் மாட்டிறைச்சி சாப்பிட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். குவான் யின் தெய்வத்தை வணங்குகிறவர்களில் பலர் மாடு சாப்பிடுவதில்லை. நான் வாசலில் வெற்றி வீரனாகக் கேட்ட கேள்விக்கு அந்தக் கடையில் என்றைக்கோ பதில் இருந்திருக்கிறது.

ஒரே மேசையில் இரண்டு சட்டி. எங்களுடையது பெரியது, அம்மாவுடையது சிறியது. அம்மா முதலில் கீரைத் தட்டைத்தான் பார்த்தார். செலாடா ஆயேர் கீரையின் தண்டை ஒடித்துப் பார்த்து, “இது இன்னிக்குப் பறிச்சதில்ல, நேத்துக் கீரை” என்றார். தவுக்கே அம்மாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அந்தத் தண்டு ஒடிந்த சத்தம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போய் வேறு கொண்டு வந்தார்.

பிறகு அம்மா எங்களுக்கு வகுப்பு எடுத்தார். நாங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சட்டியில் கொட்டப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். “தம்பி, கெட்டியானது மொதல்ல. சோளம், கேரட்டு, முள்ளங்கி. அதுதான் சூப்புக்கு இனிப்பு. அப்புறம் தௌஃபூ, காளான். கீரை கடைசில, போட்டு எண்றதுக்குள்ள எடுத்துடணும். மீ போடறதுன்னா எல்லாம் முடிஞ்ச பிறகு. இல்லன்னா சூப்பு கஞ்சியாயிடும்.” ஒரு நாளும் ஸ்டீம்போட் சாப்பிடாதவர் சொல்கிறார்! காய்கறித் தோட்டத்தில் தவுக்கே வீட்டில் சமைப்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொன்னார். பச்சை இறைச்சியை எடுக்கிற குச்சியால் வெந்ததை எடுக்கக் கூடாது. அதைச் சொல்லிவிட்டு, “எனக்கு எதுக்கு இதெல்லாம், நீங்க சாப்பிடுங்க” என்று தன் சட்டிக்குத் திரும்பினார்.

சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன். “ஏம்மா, இத்தனை வருஷமா ஒரு தடவைகூட வரலையே, மாடு பன்றிக்குப் பயந்துதானா?”

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

“அது ஒண்ணு. காசு ஒண்ணு. ஆனா அதெல்லாம் கேட்டாத் தெரிஞ்சிடும் தம்பி, காசும் ஒரு நாள் சேர்த்துடலாம். ஞாயித்துக்கிழமைல பஸ்ஸுக்கு நிப்போம். கண்ணாடி வழியா பார்த்தா உள்ள எல்லாம் கோலாலம்பூர்க்காரங்க, சிங்கப்பூர்க்காரங்க. குளிருக்கு நல்லா சட்டை போட்டுட்டு சிரிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. நான் வேலைச் சட்டையோட, கறை பட்ட கையோட நிக்கிறேன். யாரும் என்னை வராதேன்னு சொன்னதில்ல. நானா நினைச்சுக்கிட்டதுதான். இது நமக்குள்ள எடம் இல்லன்னு.”

2011இல் கண்ணாடிக்கு உள்ளே நல்ல சட்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலாலம்பூர்க்காரர்களில் நானும் ஒருவன். அன்று வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களை நான் பார்த்தேனா என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

தோழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் படிக்கும்போது உன்னைப் பத்தி யார்கிட்டயும் சரியா சொன்னதில்லம்மா. டூரிசத்துல வேலைன்னு சொல்லி வச்சிருந்தேன்.”

அம்மா சிரித்துவிட்டார். “பொய் இல்லையே. என்னைத்தான் எத்தனை வெள்ளைக்காரங்க படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

நாங்களும் சிரித்தோம். தோழி சிரித்துக்கொண்டே அழுதார். வங்கித் தோழி அவசரமாக ஒரு முட்டையை உடைத்துச் சட்டியில் போட்டு, எல்லோருடைய கவனத்தையும் அந்தப் பக்கம் திருப்பினார். நல்ல நண்பர்கள் எப்போது முட்டை உடைக்க வேண்டும் என்று அறிந்தவர்கள்.

கடைசியில் கணக்கு வந்தது. ஆளுக்கு 30 வெள்ளி. அம்மாவின் சைவச் சட்டிக்கு 20 வெள்ளி போதும் என்று தவுக்கே அம்மா எழுதியிருந்தார். நான் பணப்பையை எடுத்தேன். நண்பன் அட்டையை நீட்டினான். மகள் இருவரையும் தள்ளிவிட்டு முன்னால் போனார். வழக்கமாக நம் மேசைகளில் நடக்கும் அந்தச் சண்டைதான்.

அம்மா இடுப்பில் இருந்து சுருக்குப்பையை எடுத்தார். நான்காக மடித்த ஒரு 50 வெள்ளி நோட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். “எனக்கும் எம் பொண்ணுக்கும். மிச்சத்தை நீங்க பார்த்துக்கோங்க.”

“அம்மா, நாங்கதானே கூப்பிட்டோம்...” என்று நான் ஆரம்பித்தேன்.

“கூப்பிட்டீங்க, வந்தேன். சந்தோஷம். ஆனா தம்பி, யாராச்சும் கூட்டிட்டு வந்து வாங்கிக் குடுத்தாங்கன்னு இருக்க வேணாம். நானே வந்து, நானே காசு குடுத்துச் சாப்பிட்டேன்னு இருக்கட்டும்.”

நாங்கள் மூவரும் பணத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, எங்கள் 90 வெள்ளியை மட்டும் கொடுத்தோம். அம்மாவை விருந்துக்கு அழைத்துப் போய்ப் பெருமைப்பட வேண்டும் என்று கோலாலம்பூரில் இருந்து ஆசையோடு வந்தவன் நான். அந்த நோட்டை அவர் பிரித்து வைத்த விதத்தைப் பார்த்தபோதுதான், அந்த இரவில் என் பெருமைக்கு இடமில்லை, அவருடையதற்குத்தான் இடம் என்பது உறைத்தது.

வெளியே வந்தோம். தூறல் நின்றிருந்தது. நடைபாதையில் குளிர்ச்சட்டை போட்ட நான்கைந்து இளைஞர்கள் நின்றார்கள். அவர்கள் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. சம்பள நாள் போலிருக்கிறது, கையில் கடைப்பைகள். அவர்களில் ஒருவன் கடை வாசலில் ஒட்டியிருந்த ஸ்டீம்போட் படத்தையும் விலையையும் கொஞ்ச நேரம் பார்த்தான். கண்ணாடி வழியாக உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு மற்றவர்களோடு நடந்து போய்விட்டான்.

அம்மா அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். “எந்தத் தோட்டமோ தெரியல” என்றார். காரில் ஏறிய பிறகும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியில் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். அதை உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் அம்மாவோ அப்பாவோ பல ஆண்டுகளாகக் கடந்து மட்டும் போன கடை எது?  கேட்டுப் பாருங்கள். கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தால், முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். கணக்கு வரும்போது அவர்கள் சுருக்குப்பையை எடுத்தால் தடுக்காதீர்கள்.